பத்து மணி மாத்திரை

சமையலறை நிலைப்படியில் ஹெக்டர் கில்லிஸ் ஏழு நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வலது கால் முன்னால் போக வேண்டும், போகவில்லை. செருப்போடு சேர்த்துத் தரையில் ஆணி அடித்துவிட்டது போல அது ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்துகொண்டே வந்தது.

ஷானா தன் காலை அவர் காலுக்குக் குறுக்கே நீட்டினாள்.

"அப்பா, என் காலைத் தாண்டுங்க. மிதிச்சுடாதீங்க, புதுச் சாக்ஸ்."

நடக்க மறுக்கிற கால் தாண்டச் சொன்னால் தாண்டும். பார்க்கின்சன் நோயின் கோணல் புத்தி அது. ஹெக்டர் தாண்டினார், இரண்டு குட்டி எட்டு வைத்தார், நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். ஷானா நோட்டை எடுத்து எழுதினாள்: 9.10, நிலைப்படி, ஏழு நிமிடம்.

"எழுது, எழுது," என்றாள் அடுப்புப் பக்கமிருந்து அம்மா பெர்னடெட். "மனுஷன் மூத்திரம் போறதைக்கூட மணி பார்த்து எழுதி வெச்சிருக்கா. காலேஜுக்கு அனுப்புனதுக்கு இதுதான் பலன்."

"எழுதாம விட்டதாலதான் இப்படி நிக்கிறாரு."

"நோய் வந்ததால நிக்கிறாருடி."

கனடாவின் கிழக்குக் கரையிலிருக்கும் கிளேஸ் பே என்ற அந்த ஊரில் கில்லிஸ் என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பெயர் உண்டு. ஹெக்டருக்கு 'இடி'. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிய காலத்தில் அவர் சுரங்கத்தின் இந்த முனையில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் அந்த முனையில் இருக்கிறவன் பதில் சொல்வான் என்பார்கள். இப்போது அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அவர் வாயில் காதை வைக்க வேண்டும். முகமும் போய்விட்டது. சிரிப்பு, கோபம், பயம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம், சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி.

அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஷானா. நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில், வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி. எந்தக் கட்டடச் சாரம் தளர்ந்திருக்கிறது, அது தெரிந்தும் எவன் மறைத்தான் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. ஜனவரியில் அப்பா மாடிப்படியில் உருண்டார் என்று கேட்டதும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் அவள் மண்டையைக் குடைந்தது. ஹாலிஃபாக்ஸிலிருக்கும் நரம்பு டாக்டர் கடந்த இரண்டு வருகையிலும் மருந்தைக் குறைத்திருந்தார். 'நோயாளி நன்றாக நடக்கிறார். கை கால் நெளிவு அதிகம். மருந்து கூடிப்போயிருக்கிறது, குறைக்கிறேன்' என்று கடிதம். குறைத்த ஒவ்வொரு முறையும் வீட்டில் மனிதர் மரமாகிப் போனார்.

"இந்த டாக்டரம்மா யாரைப் பார்த்துட்டு இதை எழுதினா?" என்று ஷானா கத்தினாள். மூன்று மாதக் கணக்கைப் பதினோரு பக்கமாக டைப் அடித்து டாக்டருக்கு அனுப்பினாள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு உறைந்தார், எத்தனை தடவை விழுந்தார், எல்லாம் அதில் இருந்தது. டாக்டரிடமிருந்து பதில் இல்லை. நர்ஸ் போன் செய்தாள்: "கிடைச்சுதும்மா. ஆனா டாக்டர் நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க." நேரில் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடம். அதற்கு ஐந்து மணி நேரக் கார் பயணம்.

போன வாரம் குளியலறையில் விழுந்தார். ஷானா கடைக்குப் போயிருந்தாள். அறுபத்தெட்டு வயதுப் பெர்னடெட் தனியாக அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். அன்றிலிருந்து வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் சட்டியைக் கிளறுகிறாள்.

"தோளுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கோணலாப் படுத்துத் தூங்கிட்டேன்."

ஹெக்டர் நாற்காலியிலிருந்து அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை.

இன்னொரு தடவை விழுந்து இடுப்பு ஒடிந்தால் என்ன நடக்கும் என்று மட்டும் மூவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக ஹார்பர் ரோடு முதியோர் இல்லத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஹெக்டரின் அண்ணன் ரோடி எட்டு மாதம் அங்கே சுவரைப் பார்த்தபடி கிடந்து செத்தார். சவப்பெட்டிப் பக்கத்தில் நின்று ஹெக்டர் மனைவியின் கையைப் பிடித்தார். அப்போது நோய் வந்த புதிது, குரல் இருந்தது. "என்னை அங்க போட்டுடாத பெர்னி" என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "போட மாட்டேன்" என்று அவள் சத்தியம் செய்தாள். அதனால் வருகிற வியாழக்கிழமை டாக்டரைப் பார்ப்பது வெறும் வருகை இல்லை. மருந்து சரியாக வேண்டும். இல்லாவிட்டால் ஹார்பர் ரோடுதான்.

புதன்கிழமை சாயங்காலம் பெர்னடெட் இடது கையால் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து, திரும்பிப் பார்த்துவிட்டு, எதையோ காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பர்ஸில் வைத்தாள்.

"அது என்னம்மா?"

"எது?"

"பர்ஸ்ல வெச்சியே."

"மிட்டாய்."

"எந்தக் கடையில மிட்டாயை மஞ்சக் கலர்ல, ஒண்ணு முழுசாவும் ஒண்ணு பாதியாவும் விக்கிறான்?"

பெர்னடெட் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "டாக்டரைப் பார்க்கப் போகுமுன்னால ஒண்ணரை மாத்திரை சேர்த்துக் குடுப்பேன். வண்டி நிறுத்துற இடத்துல வெச்சு. அது ஏறுன ஒரு மணி நேரம் உங்கப்பா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடப்பாரு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அம்மா! உனக்குப் பைத்தியமா?"

"டாக்டர் முன்னால ஆள் நிக்கணும்டி. அவ்வளவுதான்."

"எதுக்கு நிக்கணும்? நிக்க முடியலைன்னுதானே போறோம்?"

"உனக்கு என்ன தெரியும்?" பெர்னடெட்டின் குரல் ஏறியது. "அப்போ உனக்கு ரெண்டு வயசு. சுரங்கக் கூரை சரிஞ்சு உங்கப்பா முதுகுல விழுந்துச்சு. வருஷாந்திர மெடிக்கலுக்கு மூணு வாரம் இருந்துச்சு. கம்பெனி டாக்டர் 'குனிஞ்சு கால் விரலைத் தொடு'ம்பான். தொட்டா கீழே வேலை. தொடலைன்னா மேலே வேலை, பாதிச் சம்பளம். அதுவும் இல்லைன்னா வீடு. ராத்திரியும் பகலும் முதுகுக்குத் தைலம் தேச்சேன். ஆபீஸ் வாசல்ல வண்டிக்குள்ள வெச்சு மூணு வலி மாத்திரை குடுத்தேன். உள்ளே போயித் தொட்டாரு. வெளிய வந்து வண்டிக்குப் பின்னால நின்னு வாந்தி எடுத்தாரு. இந்தத் தெருவுல எந்தப் பொம்பளை இதைச் செய்யல? அப்படிக் குனிஞ்சு தொட்டதுலதான்டி நீ காலேஜு போன."

"இவங்க கம்பெனி டாக்டர் இல்லம்மா. நம்ம டாக்டர்."

"டாக்டர்னா எழுதுறவங்க. எழுதுனது எங்கெங்க போகும்னு நீ கண்டியா? 'வீட்டுல வெச்சுப் பார்க்க முடியாது'ன்னு ஒரு வரி எழுதட்டும், அப்புறம் என் சத்தியத்தை நான் எங்க கொண்டு வைக்கிறது?"

ஷானா நோட்டை எடுத்து வந்து மேசையில் அறைந்தாள். கோபத்தில் அவளுக்கு இரக்கம் மறந்து போகும், அன்றும் போயிற்று. "கேட்டுக்கோ. ஒண்ணரை மாத்திரை கூடப் போனா உடம்பு நெளியும், ஆடும். அதை டாக்டர் பார்ப்பா. மருந்து கூடிப்போச்சுன்னு குறைப்பா. குறைச்சா வீட்டுல உறைஞ்சு போவாரு, விழுவாரு. அடுத்த தடவை நீ மறுபடியும் ஒண்ணரை குடுப்ப. ரெண்டு வருஷமா அவரை விழ வெச்சது யாரு?"

பெர்னடெட் உட்கார்ந்தாள். சட்டை இஸ்திரிப் பலகையிலேயே கிடந்தது. "அப்போ... குறைச்சது நானா?" என்றாள்.

ஷானா காகிதக் கைக்குட்டையையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு மாத்திரை நான் குடுக்கிறேன்."

விடியற்காலை ஆறு மணி மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஏப்ரல் மாதம்; சாலையோரத்தில் பனி அழுக்குத் துணி போலக் குவிந்திருந்தது. பெர்னடெட் தோள்வலிக்கு எதையோ விழுங்கிவிட்டுப் பின் சீட்டில் தூங்கிப்போனாள். ஹெக்டர் முன் சீட்டில் தெளிவாக இருந்தார்.

"உங்கம்மா குறட்டை," என்று முணுமுணுத்தார். "சுரங்கத்துல இப்படிச் சத்தம் வந்தா வெளிய ஓடிடுவோம்."

ஷானா சிரித்தாள். இதே ஆள்தான் மாத்திரையின் வேகம் இறங்கியதும், இன்னும் இரண்டு மணி நேரத்தில், பேச்சில்லாமல் போகப்போகிறவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அங்கேதான் அந்த எண்ணம் அவளுக்குள் நுழைந்தது. பத்து மணி மாத்திரையைக் கொடுத்தால் பதினொரு மணிக்கு டாக்டர் முன்னால் இந்த ஆள் உட்காருவார். ஜோக் அடிப்பார். 'நல்லா இருக்காரே' என்பாள் அவள். பதினோரு பக்கமும் குப்பைக்குப் போகும். மறுபடி ஆறு மாதம். அறிக்கையைப் படிக்காதவனை அவள் வேலையில் என்ன செய்வாள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தளர்ந்த சாரத்தைக் காட்டுவாள். காட்டினால்தான் புத்தி வரும்.

பத்து மணிக்கு ஹெக்டர் கார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மாத்திரை."

"கொஞ்சம் பொறுங்கப்பா. வண்டியை நிறுத்திட்டுத் தரேன்."

பத்தேகாலுக்கு, "புள்ள, மாத்திரை" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"தரேம்பா."

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கை மட்டும் அவளுடைய பையின் பக்கம் நகர்ந்தது. ஷானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்ச் சக்கர நாற்காலி கொண்டு வந்தாள்.

"குடுத்தியா?" என்றாள் பெர்னடெட், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"குடுத்தாச்சு."

டாக்டருக்கு அன்றைக்கு ஐம்பது நிமிடம் தாமதம். அதை ஷானா எதிர்பார்க்கவில்லை. காத்திருக்கும் அறையில் ஹெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் விரல்கள், பிறகு கழுத்து. கடைசியில் எச்சில் விழுங்கக்கூட முடியாமல் கடைவாயில் வழிந்தது. பெர்னடெட் துடைத்துத் துடைத்துச் சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. பையிலிருந்த மாத்திரைப் பெட்டி ஷானாவின் விலாவில் இடித்தது. இப்போது கொடுத்தாலும் சரிதான். இன்னும் ஐந்து நிமிடம்தானே, கூப்பிட்டுவிடுவார்கள் என்று இருந்தாள். அப்படியே பத்து ஐந்து நிமிடங்கள் போயின.

டாக்டர் ஸ்விக்கர் நாற்பது வயதுப் பெண். வேகமாகப் பேசுவாள், கெட்டவள் இல்லை. அறைக்குள் வந்த சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கையிலிருந்த காபியை அப்படியே வைத்தாள்.

"ஹெக்டர், எப்படி இருக்கீங்க?"

எப்போதும் 'குதிரை மாதிரி இருக்கேன், பந்தயத்துக்குத்தான் ஆள் இல்ல' என்பாராம். இன்று உதடு மட்டும் அசைந்தது.

"காலையிலிருந்தே இப்படித்தான்," என்றாள் ஷானா. "வீட்டுலயும் இப்படித்தான். போன மாசம் ஒன்பது தடவை விழுந்தாரு. நிலைப்படியில ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் நிக்கிறாரு. நீங்க ரெண்டு தடவை மருந்தைக் குறைச்சீங்க, அதுலதான்."

"கடைசி மாத்திரை எப்போ குடுத்தீங்க?"

"வழக்கமான நேரம்தான்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு வருடமாக இதே நாற்காலியிலிருந்து இதையேதான் சொல்லியிருப்பாள்.

டாக்டர் அவர் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள், முடியவில்லை. ஐந்து வார்த்தைகள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். காத்திருந்தாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். விரலுக்குள் செருகிய பேனா தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றது. அவள் ஏதோ எழுதினாள். எழுதிக்கொண்டே போனாள். பெர்னடெட்டின் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை.

பிறகு டாக்டர் நாற்காலியைப் பெண்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மாசத்துல இவ்வளவு இறக்கம்னா, இது கை கால் விஷயம் மட்டும் இல்ல. யோசிக்கிற சக்தியையும் தொட்டிருக்குன்னு நினைக்கிறேன். இந்த நிலையில மருந்தைக் கூட்டினா இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவாங்க, பயந்துபோவாரு. கூட்ட மாட்டேன். மிஸஸ் கில்லிஸ், இவரை நீங்க வீட்டுல வெச்சுப் பார்த்துக்கிறதைப் பத்தி நாம பேசணும்."

"ஐயோ," என்றாள் பெர்னடெட். அவ்வளவுதான் சொன்னாள்.

ஷானா அப்பாவைப் பார்த்தாள். சுண்ணாம்பு முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் அவள் பையின் மேல் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தி கெட்டுப்போன ஆள் என்று மூன்று பெண்கள் தன் தலைக்கு மேல் முடிவு கட்டுவதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பத்து மணி மாத்திரையை நான் குடுக்கல," என்றாள் ஷானா.

"என்ன?"

"கேட்டாரு. மூணு தடவை கேட்டாரு. குடுக்கல. நீங்க பார்க்கணும்னு குடுக்கல. அவருக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. வர்ற வழியில ஜோக் அடிச்சாரு."

பிறகு பெர்னடெட், பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி தரையைப் பார்த்துச் சொன்னாள்: "முன்னால ரெண்டு வருஷமும் நான் ஒண்ணரை கூடக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன், டாக்டர்."

டாக்டர் ஸ்விக்கர் பேனாவை மூடினாள். கழுத்து சிவந்துவிட்டது. "எனக்குக் கிடைக்கிறதே பதினைஞ்சு நிமிஷம். அதுலயும் நீங்க ஒரு ஆளைக் காட்டுறீங்க, இவங்க வேற ஆளைக் காட்டுறாங்க. நான் யாருக்கு மருந்து எழுதுறது?"

"பதினோரு பக்கம் அனுப்பினேன்," என்றாள் ஷானா. "படிச்சீங்களா?"

டாக்டர் அவளை நேராகப் பார்த்தாள். "இல்ல."

"அப்போ எங்க மேல மட்டும் கத்தாதீங்க."

"சரி," என்றாள் டாக்டர். எழுதிய தாளைக் குறுக்காகக் கிழித்தாள். அவளே தண்ணீர் கொண்டு வந்தாள். ஷானா பெட்டியைத் திறந்து மாத்திரையை எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். "இவரைப் பக்கத்து அறையில உக்கார வைங்க. மத்தவங்களைப் பார்த்துட்டு ஒரு மணிக்கு வரேன். அப்போ நீங்க ரெண்டு பேரும் உள்ளே வரக்கூடாது. நான் இவர்கிட்டப் பேசணும்."

"அவரு பேசுறது உங்களுக்குப் புரியாது," என்றாள் பெர்னடெட். "நான் சொன்னாத்தான்..."

"புரியுற வரைக்கும் கேக்கிறேன்."

மருந்து ஏற முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் இடது கட்டைவிரல் அசைந்தது. பிறகு தோள் இறங்கியது. ஒரு மணி அடித்துப் பத்து நிமிடத்தில் டாக்டர் வந்தாள், பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

நடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பெர்னடெட் ஒன்றில் உட்கார்ந்தாள், ஷானா நின்றாள்.

"குடுத்தாச்சுன்னு சொன்னியே," என்றாள் பெர்னடெட்.

"சொன்னேன்."

"பெத்த தகப்பன் கையேந்திக் கேட்டிருக்கான்டி."

"நீ மட்டும் என்ன செஞ்ச?"

"நான் செஞ்சது அவரு தலை நிமிரட்டும்னு. நீ செஞ்சது?"

ஷானாவுக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில், நியாயமான பதில். அதைச் சொல்லாமல் கதவருகே போய்க் காதைக் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்து தன் துணையில்லாமல் அவர் இவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை என்றாள் பெர்னடெட், தனக்குள் பேசுவது போல. "அப்படி என்னதான் சொல்றாரு?"

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

ஹெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேசாக ஒரு கால் ஆடியது. டாக்டர் கதவோரம் ஒதுங்கி நின்றாள். "மருந்தை மாத்தியிருக்கேன். நாலு வேளைக்குப் பதிலா ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. எழுந்து நடக்கிறது கொஞ்சம் தேறும். ஆனா அவர் என்கிட்டக் கேட்டது மருந்து இல்ல. அவரே சொல்லட்டும்."

இருவரும் அவர் பக்கத்தில் குனிந்தார்கள்.

"பெர்னி," என்றார். "நான் ஹார்பர் ரோட்டுக்குப் போறேன்."

பெர்னடெட் சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு சொன்னது? இவங்க சொன்னாங்களா? நான் சத்தியம் பண்ணியிருக்கேன் ஹெக்டர். ரோடி பொட்டிக்கிட்ட நின்னு பண்ணியிருக்கேன்."

"கேட்டது நான்தானே. நானே திருப்பி எடுத்துக்கிறேன்."

"மருந்தை மாத்தினா வீட்டுலயே இருக்கலாம்பா," என்றாள் ஷானா. "இப்போதான் சரியாகப் போகுது. அதுக்குத்தானே இவ்வளவும்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "உங்கம்மா தோளுல ஏதோ கிழிஞ்சிருக்கு. என்னைத் தூக்கினப்போ சத்தம் கேட்டேன். கூரை சரியுறதுக்கு முன்னால கேக்குமே, அந்தச் சத்தம்." மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லும் கீழிருந்து கயிறு கட்டி இழுத்தது போல வந்தது. "அங்க தூக்குறதுக்குச் சம்பளம் வாங்குற தடிப்பசங்க இருக்கானுங்க. முதுகு பிடிச்சா அவனுங்க யூனியன் பார்த்துக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"எப்போ முடிவு பண்ணுனீங்க?" என்றாள் ஷானா.

"ஜனவரி."

"மூணு மாசமா? ஏன்பா சொல்லல?"

"யாரு கேட்டா?" அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கம்மா சாப்பிட்டியான்னு கேப்பா. நீ எத்தனை தடவை விழுந்தேன்னு கேப்ப. நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க." கண்ணை மூடித் திறந்தார். "மாத்திரை வேலை செய்யுற நேரத்துலதான் பேச முடியும். அந்த நேரத்துல குளிக்கணும், சாப்பிடணும். அப்புறம் போயிடுது."

"உனக்கு அங்க பிடிக்காதே," என்றாள் பெர்னடெட். "சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணுமே."

"பிடிக்காது."

"அப்புறம் எதுக்கு?"

அவர் அவளுடைய வலது தோளைப் பார்த்தார். பிறகு ஷானா பக்கம் திரும்பினார். "இனிமே என்னை மாத்திரைக்குக் கெஞ்ச வைக்காத."

"இல்லப்பா."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அறிக்கை எழுதுகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. டாக்டரைப் பார்த்து விரலை அசைத்தார்.

டாக்டர் ஒரு விண்ணப்பத் தாளை சக்கர நாற்காலியின் முன்பலகை மேல் வைத்தாள். "இது இல்லத்துல சேர்றதுக்கான சம்மதப் படிவம். கையெழுத்து அவருடையதா இருந்தாத்தான் செல்லும். அவசரம் இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி யோசிச்சு..."

"இப்பவே," என்றார் ஹெக்டர். "இப்போ கை இருக்கு."

பேனாவை வைத்ததும் தாள் நழுவியது. ஆடுகிற கையோடு சேர்ந்து பலகையின் ஓரத்துக்கே போய்விட்டது. ஷானா குனிந்து பிடிக்கப் போனாள்.

"நீ வேண்டாம்."

பெர்னடெட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். வெளியே வண்டி நிறுத்துமிடம். யாரோ ஒரு கிழவரின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னால முடியாது ஹெக்டர்," என்றாள் திரும்பாமல். "வேற எது வேணா கேளு."

அவர் கேட்கவில்லை. காத்திருந்தார். டாக்டரும் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள். மருந்தின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெர்னடெட் வந்தாள். வலது கையைத் தூக்க முடியாமல் இடது உள்ளங்கையைத் தாளின் மேல் விரித்து அழுத்தினாள். ஹெக்டர் எழுதத் தொடங்கினார். முதல் எழுத்து ஒரு பட்டாணி அளவு இருந்தது. அடுத்தது அதில் பாதி. போகப் போக எழுத்துகள் எறும்பாகி, கில்லிஸ் என்ற இடத்தில் வெறும் கோடாக நெளிந்து நின்றன. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

டாக்டர் தாளுக்காகக் கையை நீட்டினாள். பெர்னடெட் இன்னும் தன் கையை எடுக்கவில்லை.